காசியம்மாள் எடுத்த அளவு

தையல் பயிற்சியில் சேர வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். காசியம்மாளுக்கு அப்போது, அதாவது தொண்ணூற்றாறில், முப்பத்தேழு. அதனால் என்ன? பூக்கூடைக்காரியிடம் பிறந்த தேதிக்குச் சீட்டு கேட்கிற ஊர் எங்கே இருக்கிறது? "முப்பத்தி நாலுங்க" என்று கூசாமல் சொன்னாள். செயலாளர் ராமதாஸ் அவளுடைய நரையைப் பார்த்தார், விரலில் ஏறியிருந்த நார்க் கறையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். இருபது பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். அவள் இருபதாவது ஆள்.

பே கோபுரத் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் அந்த மையம் இருந்தது. யாரோ நல்ல மனசுக்காரர்கள் வைத்திருந்த அறக்கட்டளை. ஊரில் வழியில்லாத பெண்களுக்கு ஆறு மாதம் இலவசமாகத் தையல், கூடவே தினமும் ஒரு மணி நேரம் எழுத்தும் கணக்கும். கடைசியில் தேர்வு. தேறியவளுக்குச் சான்றிதழோடு ஒரு பெடல் மெஷின் சொந்தமாகக் கிடைக்கும்.

மெஷினுக்காகத்தான் வந்தேன் என்று காசியம்மாள் எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்யும் இல்லை. மலையடிவாரத்தில் தகரம் போட்ட ஒற்றை அறை. புருஷன் தருமன் லாரிக்குக் கிளீனராகப் போனவன் போனவன்தான். கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிற பூ மழை பெய்தால் வாடிப்போய்விடும், வயிறு வாடாமல் இருக்குமா? மெஷின் ஒன்று வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே மகள் வேதா தொண்ணூற்றிரண்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒன்பது வயது. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவள் பூவாடைக்காரி ஆகிவிடுவாள், வீட்டுத் தெய்வம். வருஷத்துக்கு ஒரு தடவை செம்பில் தண்ணீர் வைத்து, பூ வைத்து, புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். அவள் எடுத்துக்கொண்டால் மறுநாள் காலையில் துணியில் ஒரு கசங்கல் விழுந்திருக்கும் என்பார்கள். காசியம்மாள் நாலு வருஷமும் தேரடி வீதியில் கவுன் வாங்கி வைத்தாள். நாலு வருஷமும் அது கடைக்காரன் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும் நெஞ்சு வெடிக்க? கடைத்துணி வேண்டாமென்றால் கையால் தைத்துத்தான் தருவோம் என்று அவள் மாடிப்படி ஏறினாள்.

சொல்லிக்கொடுத்தவள் வினோதினி டீச்சர். செங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வயது இருபத்தாறு, வாய் மட்டும் ஐம்பது வயதுக்காரியின் வாய். மூன்றாவது மாதம் ஒருநாள், "நாளைக்கு ஆளுக்கு ஒரு பொம்பளப் புள்ளையோட அளவு எடுத்துட்டு வாங்க. பாவாட சட்ட தெக்கப் போறோம். சொந்தப் புள்ளையா இருந்தாலும் டேப்பு வச்சுத்தான் எடுக்கணும். குத்துமதிப்பா எழுதினீங்கன்னா நோட்டக் கிழிச்சுடுவேன், ஆமா" என்றாள்.

பத்தொன்பது பேருக்கும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பெண் குழந்தை இருந்தது. காசியம்மாள் அன்று மத்தியானம் அறையில் தனியாக உட்கார்ந்து, புதிதாகக் கற்றுக்கொண்ட கோணல் எழுத்தில் எழுதினாள். பெயர் வேதா. வயது ஒன்பது. மார்பு இருபத்துநாலு. நாலு வருஷமாகக் கைக்குள் இருந்த அளவு அது. கண்ணை மூடிக் காற்றைக் கட்டிப்பிடித்தால்கூட அந்தச் சுற்றளவுதான் வரும்.

மஞ்சள் சட்டையும் அரக்குப் பாவாடையும் தைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, முதல் தையலே கச்சிதமாக வந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செம்புக்கு நேரே ஆணியில் மாட்டிவிட்டுப் பூ விற்கப் போனாள். மத்தியானம் வந்து கதவைத் திறந்தால், சட்டையின் இரண்டு கைக்குழியும் பிரிந்து தொங்குகிறது.

தன் தையல்தான் சரியில்லை என்று நினைத்து மறுபடி தைத்தாள். மறுநாளும் அதே இடத்தில் பிரிந்தது. மூன்றாவது முறை இரட்டைத் தையல் போட்டாள். அன்றைக்கு முதுகுப் பக்கத்து ஹூக்கு நாலும் துணியோடு பிய்ந்து தரையில் கிடந்தன. எலி கடித்தால் நூல் அறுந்திருக்கும். இது இழுத்துக் கிழிந்த கிழிசல்.

வேறு வழியில்லாமல் டீச்சரிடம் கொண்டுபோனாள். வினோதினி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கா, இதுல தையல் கோளாறு இல்ல. உங்க பொண்ணு போட்டுப் பாத்து இழுத்துருக்கா. பத்தல அவளுக்கு. எப்ப எடுத்த அளவு இது?"

காசியம்மாள் சட்டையைத் திரும்ப வாங்கி மடித்தாள். "நாலு வருசம் ஆவுதுங்க."

"நாலு வருசமா? நல்லா இருக்கே கத! புள்ளன்னா வளராதா? பதிமூணு வயசுப் பொண்ணுக்கு ஒம்போது வயசு அளவுல தெச்சுக் குடுத்தா அவ எப்படிப் போடுவா, பாவம்? போய்ப் புதுசா அளவு எடுத்தாங்க."

காசியம்மாள் படியிறங்கினாள். கீழே பாத்திரக்கடையில் அண்டாவுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே நின்றவளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. புள்ள வளர்ந்திருக்கிறாள். நாலு வருஷமாகச் சின்னக் கவுனாக வாங்கி வைத்து, அவள் போட முடியாமல் நிற்க, நாம்தான் வேண்டாமென்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். எது ஜாஸ்தி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆனால் இல்லாத பிள்ளைக்கு டேப்பு வைத்து அளவெடுப்பது எப்படி?

பூ கேட்டாள். கல்யாணம் வைக்கலாமா, நிலம் வாங்கலாமா என்று சாமியிடம் பூ கேட்பது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கும்போது வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். காசியம்மாள் செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு செம்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளரளியும் செவ்வரளியும் அவளிடம் கூடை கூடையாக இருந்தன.

"வேதா, மார்பு இருபத்தஞ்சா?" சிவப்பு. "இருபத்தாறா?" சிவப்பு. "இருபத்தேழு?" சிவப்பு. "இருபத்தெட்டாம்மா?" பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை. நம்பாமல் இன்னொரு தரம் கேட்டாள். வெள்ளை. தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. அவளுக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. இடுப்பு, தோள், கை நீளம், பாவாடை உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. இடது தோளுக்கு எழுதிய எண்ணை வலது தோளுக்கும் கேட்டபோது சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் அரை அங்குலம் கூட்டிக் கேட்ட பிறகுதான் வெள்ளை வந்தது.

மறுநாள் வினோதினி நோட்டைப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் எடுக்கணும் அளவு! எல்லாரும் பாருங்க, ரெண்டு தோளும் வேற வேறன்னு கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். பிறகு குனிந்து, "இடது தோளு எறங்கி இருக்கே யக்கா, பொண்ணு எதனா சொம தூக்குறாளா?" என்று கேட்டாள்.

காசியம்மாள் நோட்டை வாங்கி மூடினாள். வேதாவை மூன்றாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, இடது தோளில் பூக்கூடையைத் தூக்கி வைத்தவள் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. செம்பிடமும் சொன்னதில்லை.

புது அளவில் அதே மஞ்சளிலும் அரக்கிலும் பாவாடை சட்டை தைத்து, சட்டையை ஆணியில் மாட்டினாள். மத்தியானம் வந்து பார்த்தாள். பிரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் முழங்கை மடிகிற இடத்தில் இரண்டு கையிலும் பொடிப்பொடியாகக் கசங்கல். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுப் பொன்னி ஓடிவந்துவிட்டாள்.

தேர்வு நாள் வந்தது. கண்ணமங்கலத்திலிருந்து ஜோதியம்மாள் என்று ஒரு தேர்வாளர் வந்தார். வெளுத்த பருத்திப் புடவை, கழுத்தில் டேப்பு, சிரிப்பே இல்லாத முகம். தைத்த துணியை அளவு கொடுத்த பிள்ளைக்கே போட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் வந்த பிறகுதான் தெரிந்தது. அவரவர் ஓடிப்போய்ப் பிள்ளைகளை இட்டாந்தார்கள். காசியம்மாள் ஓடிப்போய்ப் பொன்னியின் மகள் ஓவியாவை இட்டாந்தாள். அவளுக்கும் பதிமூன்றுதான்.

ஓவியாவுக்குச் சட்டை தொளதொளவென்று நின்றது. ஜோதியம்மாள் நோட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார்.

"உம் பேரு வேதாவா?"

"இல்லீங்க, ஓவியா."

"வேதா எங்க?" இது காசியம்மாளிடம். "தா பாரும்மா, மெஷின் சும்மா தூக்கிக் குடுக்க முடியாது. அளவு எடுத்த புள்ள வரணும். வரலன்னா பெயில் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். நாலு மணிக்கு எனக்குப் பஸ்ஸு."

மாடியில் இருபது பேர், இருபது பிள்ளைகள். அத்தனை பேர் முன்னால் காசியம்மாள் சொல்லிவிட்டாள். "வேதா செத்துட்டாங்க. நாலு வருசம் ஆவுது. பூ கேட்டு எடுத்த அளவுங்க இது."

யாரும் சிரிக்கவில்லை. வினோதினியின் வாய் முதன்முறையாக மூடிக்கொண்டது. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். ஓவியா அலறிக்கொண்டு சட்டையைக் கழற்றிப் போட்டாள். காசியம்மாள் அதை எடுத்து உதறி, ஜன்னல் ஓரத்து ஆணியில் மாட்டினாள். ஹூக்குகள் திறந்தே இருந்தன.

ஜோதியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வூட்லயும் ஒரு பூவாட இருக்குது" என்றார் மெதுவாக. "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குதே. ஆள் இல்லன்னா துணியத்தான் அளந்து பாதி மார்க்கு போடணும். பாதி மார்க்குன்னா பாசாவாது. என்ன கோச்சுக்காதம்மா."

எழுந்து ஜன்னலுக்குப் போனார். தொங்குகிற சட்டையின் மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து இழுத்தார். வெறும் துணியைச் சுற்றி டேப்பை இழுத்தால் என்ன ஆகும்? துணி சுருங்கி டேப்பு உள்ளே போய்விடும். அது தெரியாத தையற்காரி உண்டா? டேப்பு உள்ளே போகவில்லை. ஜோதியம்மாள் இன்னொரு தரம் இழுத்தார். உயிருள்ள உடம்பைச் சுற்றிப் பிடித்த மாதிரி டேப்பு நின்றது, நின்று, லேசாகப் பெரிதாகி, லேசாகச் சிறிதானது. மூச்சு விடுகிற பிள்ளையை அளந்து பழகிய கைக்கு அது தெரியாமல் போகுமா? அவர் முதுகுப் பக்கம் பார்த்தார். நாலு ஹூக்கும் மாட்டியிருந்தன.

கீழே பாத்திரக்கடைச் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

"இருபத்தெட்டு" என்றார் ஜோதியம்மாள். குரல் அவருடையதாக இல்லை. தோளையும் அளந்துவிட்டு நோட்டில் எழுதினார். மார்பு சரி. தோள் சரி. அளவு கொடுத்தவர் வந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு டேப்பை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மெஷின் அவளுக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் தேர்வுத் துணியெல்லாம் மையத்திலேயே இருக்க வேண்டுமாம். சென்னையிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வந்து பார்த்த பிறகுதான் திருப்பித் தருவார்களாம். கொடுக்க மாட்டேன் என்றால் மெஷினும் இல்லை. "ரெண்டே மாசம்மா, அப்பறம் நானே குடுக்குறேன்" என்றார் ராமதாஸ். காசியம்மாள் கதவோரம் நின்று யோசித்தாள். மெஷினைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். இரண்டு மாதம்தானே என்று நினைத்தாள். வயிற்றுக்கு இல்லாதவள் வேறு எப்படி நினைப்பாள்? அவளே தன் கையால் பாவாடை சட்டையை மடித்து இரும்பு பீரோவில் வைத்தாள். ராமதாஸ் பூட்டி, பூட்டின் மேல் காகிதம் ஒட்டி அரக்கு வைத்தார்.

அன்று மாலை மஞ்சள் பூசி மெஷினை வீட்டில் இறக்கிவிட்டு, செம்புக்கு முன்னால் உட்கார்ந்து பூ கேட்டாள். "வேதா, இங்க இருக்குறியா?" சிவப்பு. மறுபடியும் சிவப்பு. பத்து தரம் கேட்டாள். பத்தும் சிவப்பு. அந்த அறையில் நாலு வருஷமாக இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. பிள்ளையைக் கொடுத்து மெஷின் வாங்கிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஆனது, இரண்டு வருஷம் ஆனது. இன்ஸ்பெக்‌ஷனும் வரவில்லை, கின்ஸ்பெக்‌ஷனும் வரவில்லை. ராமதாஸ் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்து வந்தவர்கள் அரக்கு முத்திரையைக் கண்டாலே நமக்கென்ன வம்பு என்று நகர்ந்தார்கள். ஒருநாள் வெறி பிடித்துப் பூட்டை உடைக்கக் கல்லையே எடுத்துவிட்டாள் காசியம்மாள். உடைப்பதற்கு முன்னால் அங்கேயே, பீரோவுக்கு முன்னால் பூ கேட்டாள். "இங்க இருக்குறியா?" வெள்ளை. "வூட்டுக்கு வர்றியா?" சிவப்பு. கல்லைக் கீழே வைத்துவிட்டாள். வரமாட்டேன் என்கிறவளை எந்த முகத்தோடு இழுத்துக்கொண்டு போவது? பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தரம் இழுத்து வந்தது போதாதா?

அதனால் அவள் மையத்துக்குப் போனாள். முதலில் கூட்டிப் பெருக்க, அப்புறம் டீச்சருக்கு உதவியாக. வினோதினி கல்யாணமாகி வேலூர் போனதும், தொண்ணூற்றொன்பதிலிருந்து காசியம்மாளே டீச்சர். ஐந்து வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கையில் தொழில் கொடுத்தாள். ஊரில் கேட்டால் கோபக்காரி, ஆனால் வேலை சுத்தம் என்பார்கள். மகளுக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

வகுப்பில் சில விஷயங்கள் நடக்கும். இருபது பேர் கத்தரி பிடித்தால் இருபத்தோராவது கத்தரிச் சத்தம் ஒன்று கேட்கும். ஜன்னல் ஓரத்து மெஷினில் யாரும் உட்காராமலேயே நூல்கண்டு தீர்ந்துபோகும். எழுத்து வகுப்பில் புதிதாக வந்தவள் யாராவது, "டீச்சர், யாரோ எந் தோளு மேல எட்டி எட்டிப் பாக்குறாங்க" என்பாள். "பாத்தா பாக்கட்டும், நீ ஒழுங்கா எழுது" என்பாள் காசியம்மாள். சொல்லிவிட்டுப் பலகையில் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதுவாள்.

இரண்டாயிரத்து நாலில் மையத்தை மூடினார்கள். பாத்திரக்கடைக்காரர் மாடியைத் திருப்பிக் கேட்டுவிட்டார், அறக்கட்டளையும் வேறு ஊருக்குப் போகிறதாம். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் பீரோவைத் தூக்க முடியாமல், எட்டு வருஷத்து அரக்கைச் சுரண்டிப் பூட்டை உடைத்தார்கள். முத்திரை அதுவரை அப்படியே இருந்ததை அவர்களே பார்த்தார்கள். உள்ளே இருபது துணியும் பழுப்பேறி அடுக்கியபடி இருந்தன.

அடியிலிருந்த மஞ்சள் சட்டையை எடுத்த உடனேயே காசியம்மாளுக்குக் கை நின்றுவிட்டது. இது பதிமூன்று வயசுப் பிள்ளையின் சட்டை இல்லை. டேப்பு வைத்தாள். மார்பு முப்பத்துமூன்று. உள்பக்கம் திருப்பினாள். வளர்கிற பிள்ளைக்குப் பிரித்துவிட வேண்டுமென்று பக்கத் தையலுக்குள் நிறையத் துணி மடித்து வைத்துத் தைத்திருந்தாள் அவள். அது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடப்பட்டிருந்தது. அவள் போட்ட தையலைத் தாண்டி, வேறு கை போட்ட தையல் வரிவரியாக ஏழு இருந்தது. பாவாடையில் உயரத்துக்காக வைத்திருந்த மூன்று மடிப்பும் அதே மாதிரி இறக்கப்பட்டிருந்தன.

முதல் வரிசைத் தையல் புதிதாகக் கற்றுக்கொள்கிறவள் போடுகிற கோணல் தையல். நாலாவதில் கோணல் இல்லை. ஏழாவதைக் காசியம்மாள் வெளிச்சத்தில் பிடித்து, மாணவிகளின் துணியில் குற்றம் தேடுகிற அதே கண்ணால் தேடினாள். குற்றம் கிடைக்கவில்லை. அது அப்படியே அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

"படிச்சுட்டியாடி" என்றாள். வேறொன்றும் வரவில்லை வாயில்.

துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். கூடவே ஒரு கால்சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அறைக்குள் வந்து சட்டையை இன்னொரு தரம் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தில் இனி விடுவதற்கு ஒரு நூல் அகலம்கூடத் துணி பாக்கி இல்லை.

பெட்டியைத் திறந்து, வெட்டாத புதுத்துணி நாலு மீட்டரை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். பக்கத்தில் கத்தரியும் டேப்பும் வைத்தாள். பூ கேட்கவில்லை. "இருவத்தோரு வயசு ஆவுது, இன்னும் அம்மா தெச்சுக் குடுக்கணுமா? ஒனக்குப் புடிச்ச மாதிரி நீயே வெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வாசல் கல்லில் உட்கார்ந்தாள். பொன்னி எதிரே வந்து, "இன்னாக்கா, வெயில்ல உக்காந்துக்கின?" என்று கேட்டாள். காசியம்மாள் வாயில் விரலை வைத்து உஸ் என்றாள். உள்ளே கத்தரி நீளமாக ஒரு வெட்டு வெட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மெஷினின் பெடல் சுற்ற ஆரம்பித்தது.